நீல அம்பும் மஞ்சள் அம்பும்: இங்கிலாந்தின் கிராவல் பாதைகள் குறித்து ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் கிராவல் பைக் (தார் போடாத பாதைகளுக்கு ஏற்ற, அகன்ற டயர் கொண்ட சைக்கிள்) ஓட்டுவது குறித்து வெளியான பயணக் கட்டுரையை ரெடிங் நகரில் உள்ள என் வீட்டில் இருந்து வாசித்தேன். இந்தப் பொருள் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் முதலில் நன்றி. ஆனால், வயல்வெளிப் பாதை எதில் வேண்டுமானாலும் சைக்கிளில் போகலாம், கேட்பார் யாரும் இல்லை என்ற பொருளில் கட்டுரையின் நடுவே ஒரு வரி வருகிறது. உடன் வெளியான வரைபடத்திலும் தெற்கு இங்கிலாந்தின் ரிட்ஜ்வே என்ற நெடும் பாதை மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை ஒரே சிவப்புக் கோடாக, முழுவதும் சைக்கிளுக்கு உரியதுபோல் போடப்பட்டிருக்கிறது. இரண்டும் தவறு. இதை நம்பி விமானம் ஏறி வரும் வாசகர் ஒருவர் இரண்டாம் நாளே சங்கடத்தில் மாட்டிக்கொள்வார் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டுரையாளர் ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டாரோ என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களின் வழியாக நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தந்திருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. இங்கே 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் திறந்த மேட்டு நிலங்களில் சுற்றித் திரியும் உரிமையைக் கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டுமே கொடுத்தது. சைக்கிள்காரருக்கு உள்ள உரிமை பாதை பாதையாகத்தான் வரும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு மண் தடங்களில் ஒன்றில் அவர் உரிமையோடு போகலாம், மற்றதில் போனால் அத்துமீறல்.

அந்த உரிமைக்கு நான்கு படிகள் உண்டு. ஃபுட்பாத் என்பது நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே என்பது நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், சைக்கிள்காரர்கள் ஆகிய மூவருக்கும் உரியது. கட்டுப்படுத்தப்பட்ட பைவே என்ற மூன்றாம் வகையில் இவர்களோடு குதிரை வண்டியும் போகலாம். எல்லாப் போக்குவரத்துக்கும் திறந்த பைவேயில் மோட்டார் வாகனங்களுக்கும் இடம் உண்டு. வழியில் நட்டிருக்கும் மரக் கம்பங்களில் ஃபுட்பாத்துக்கு மஞ்சள் அம்பு, பிரைடில்வேக்கு நீலம், மூன்றாவதற்குக் கத்தரிப்பூ நிறம், நான்காவதற்குச் சிவப்பு என்று அடையாளம் இடுகிறார்கள். இங்கிலாந்தில் உள்ள பொது வழிகளின் மொத்த நீளத்தில் சைக்கிளுக்கு உரிமை உள்ளவை ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மற்றவை மஞ்சள் அம்புகள். எனவே இங்கே ஒரு கிராவல் பாதையைத் திட்டமிடுவது என்பது, பாதி வேலை அழகான இடங்களைத் தேடுவதும் பாதி வேலை இந்த நீல, கத்தரிப்பூ, சிவப்புத் துண்டுகளைச் சிற்றூர்ச் சாலைகளால் ஒட்டுப்போட்டு இணைப்பதுமாக இருக்கிறது.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ரிட்ஜ்வேயின் மேற்குப் பகுதியை முடித்த தெம்போடு ஸ்ட்ரீட்லியில் இறங்கி, தேம்ஸ் நதிப் பாலத்தைக் கடந்து கோரிங் ஊருக்குள் நுழைந்தேன். ரிட்ஜ்வே ஒரு தேசியப் பாதை, அதன் சின்னம் ஓக் மரத்தின் கொட்டை. அந்தக் கொட்டைச் சின்னம் பாலத்துக்கு இந்தப் பக்கமும் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டு போனேன். சில மைல்களுக்குப் பிறகு பாதை கிழக்கே திரும்பி, கிரிம்ஸ் டிட்ச் என்ற பழங்கால மண்கரையின் மேல் ஏறியது. இரண்டு பேர் ஒதுங்கி நிற்க இடமில்லாத ஒடுக்கமான தடம், கணுக்கால் உயரத்துக்குப் புடைத்த வேர்கள், இருபுறமும் வாடத் தொடங்கியிருந்த புளூபெல் பூக்கள். எதிரே நாயோடு வந்த வயதான தம்பதியர் எனக்காக மண்கரையின் சரிவில் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பெரியவர் திட்டவில்லை. தன் கைத்தடியின் நுனியால் பக்கத்துக் கம்பத்தை இரண்டு முறை தட்டி, அம்பின் நிறத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். மஞ்சள். திரும்பிப் பார்த்தபோதுதான், நான் கடந்து வந்த கம்பத்திலும் மஞ்சள் என்று தெரிந்தது. ஓக் கொட்டை பாதையின் பெயரைச் சொல்லும், யார் போகலாம் என்பதை அம்பின் நிறம்தான் சொல்லும். மிச்ச தூரத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து நஃபீல்டு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

(நஃபீல்டு தேவாலய வளாகத்தில்தான் லார்டு நஃபீல்டு என்ற வில்லியம் மாரிஸின் அஸ்தி இருக்கிறது. பதின்வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் பழுது பார்த்துத் தொழிலைத் தொடங்கி, பிறகு கார் ஆலை கண்டவர். அவர் நிறுவனத்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் ஒரு வடிவமே நம் ஊர்ச் சாலைகளில் அம்பாசிடராக ஓடியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் கல்லறையைக் கடந்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.)

தங்கள் வரைபடம் செய்யும் பிழையும் நான் செய்த அதே பிழைதான். ரிட்ஜ்வே ஏவ்பரி அருகே உள்ள ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கனில் முடியும் 139 கிலோமீட்டர் பாதை. 1973இல் தேசியப் பாதையாகத் திறக்கப்பட்டது. இதில் ஓவர்ட்டன் ஹில் முதல் ஸ்ட்ரீட்லி வரையிலான ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. கோரிங்குக்குக் கிழக்கே, சில்ட்டர்ன் குன்றுகளின் வழியாகப் போகும் பாதி பெரும்பாலும் ஃபுட்பாத். இடையிடையே பிரைடில்வே துண்டுகள் வந்தாலும் தொடர்ச்சியாகப் போக முடியாது. அந்தப் பக்கம் சைக்கிளில் போக விரும்புகிறவர்களுக்கு ஸ்வான்ஸ் வே என்ற குதிரைப் பாதை இருக்கிறது. கோரிங்கிலிருந்து நார்த்தாம்டன்ஷயரின் சால்சி காடு வரை 65 மைல் போகிறது. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

நாட்டின் அதிகாரபூர்வ வரைபடங்களை வெளியிடும் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசைத் தாளை வாங்கினாலும் இதே கண்ணி காத்திருக்கிறது. அதில் பச்சை வைரக் குறிகள் தேசியப் பாதையையும் பிற நெடும் பாதைகளையும் காட்டும். அவற்றில் யாருக்கு உரிமை என்பதை வைரங்கள் காட்டாது, கூடவே ஓடும் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். பச்சைக் குட்டைக் கோடுகள் என்றால் ஃபுட்பாத், பச்சை நீளக் கோடுகள் என்றால் பிரைடில்வே, பச்சைக் கூட்டல் குறிகள் வரிசையாகப் போனால் எல்லோருக்கும் திறந்த பைவே. 1:50,000 அளவுள்ள லேண்ட்ரேஞ்சர் தாளில் இவை பச்சைக்குப் பதில் இளஞ்சிவப்பில் இருக்கும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் குட்டைக் கோட்டையும் நீளக் கோட்டையும் பிரித்தறிவது என் வயதுக் கண்களுக்குச் சிரமம், பூதக் கண்ணாடியை வைத்துக்கொள்கிறேன். கைபேசிச் செயலிகள் பல, முன்பு யாரோ ஒருவர் சைக்கிளில் போனார் என்பதை வைத்தே ஒரு தடத்தைச் சைக்கிள் பாதை என்று காட்டிவிடுகின்றன. அந்த யாரோ ஒருவர் என்னைப் போன்றவராக இருந்திருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம்தான், பொது வழிகள் அனைத்தையும் உறுதி வரைபடம் ஒன்றில் பதியும்படி கவுண்ட்டி மன்றங்களைப் பணித்தது. அவற்றுக்கான கள ஆய்வைப் பெரும்பாலும் அந்தந்தப் பாரிஷ் மன்றங்களே செய்தன. நம் ஊராட்சிக்கு ஒப்பான அமைப்பு அது. ஒரு பாரிஷ் தன் எல்லைக்குள் ஒரு பழைய தடத்தைக் குதிரைப் பாதை என்று எழுதியிருக்கும். அதே தடம் அடுத்த பாரிஷுக்குள் நுழைந்ததும் அங்கே உள்ளவர்கள் நடைவழி என்று எழுதியிருப்பார்கள். நேற்றுவரை குதிரைகளும் வண்டிகளும் போன தடம், வயல் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக் கோட்டில் சட்டப்படி ஒடுங்கிப்போனது. இன்றும் சில இடங்களில் நீல அம்பைப் பின்பற்றிக்கொண்டு போனால், ஒரு வேலியின் அருகே அது சொல்லாமல் கொள்ளாமல் மஞ்சளாகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை.

சைக்கிள்காரருக்குப் பிரைடில்வே கிடைத்ததே 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தால்தான். அதன் 30ஆம் பிரிவு இந்த உரிமையைத் தரும்போதே இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது ஒன்று. சைக்கிளுக்கு வசதியாக அந்தப் பாதையைச் சீரமைக்க யாருக்கும் கடமை இல்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை ஒருமுறை படித்துவிட்டால், குளிர்காலத்தில் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு மன்றத்தைக் குறை சொல்லும் ஆசை போய்விடும். சட்டம் வருவதற்கு முன்பே கரடுமுரடான வழிகளில் சைக்கிளோடு அலைந்தவர்கள் இருந்தார்கள். 1955இல் லெம்ஸ்ட்டர் ஊரின் ஒரு விடுதியில் கூடி, ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். ஆகவே கிராவல் ஓட்டம் அண்மையில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான புதுமை என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மைதான். பெயரும் வண்டியின் வடிவமும் அங்கிருந்து வந்தன, பழக்கம் இங்கே முன்பே இருந்தது.

பெயரைச் சொல்லும்போது இன்னொன்று. கிராவல் என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது, லாரியில் வந்து சாலையில் கொட்டி ரோலர் ஓட்டும் செம்மண். தெற்கு இங்கிலாந்தின் கிராவல் பாதைகளில் அப்படிப்பட்ட கிராவல் அநேகமாக இல்லை. ரிட்ஜ்வேயும், பின்னால் சொல்லப்போகும் சவுத் டவுன்ஸ் வே என்ற பாதையும் ஓடுவது வெண்மையான சாக்குப் பாறையின் முதுகின் மேல். கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியை நனைத்துத் தரையில் தேய்த்தால் எப்படி இருக்குமோ அப்படியேதான் மழைக்குப் பிறகு அந்தப் பாதை. சக்கரம் முன்னே போகாது, பக்கவாட்டில் போகும். காய்ந்திருந்தால் சிமெண்ட் தரைபோல் கெட்டியாக இருக்கும், அப்போது வேறு தொல்லை. சாக்குப் பாறைக்குள்ளிருந்து பெயர்ந்து வரும் சிக்கிமுக்கிக் கற்கள் கத்திபோல் விளிம்பு கொண்டவை. டயரின் அடிப்பகுதியை விட்டுவிட்டுப் பக்கச் சுவரைக் கிழிக்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் முள் குத்தியதை அடைக்கும், இந்தக் கிழிசலை அடைக்காது. ரிட்ஜ்வேயில் உள்ள பார்பரி காசில் என்ற பழங்கால மண்கோட்டைக்குக் கீழே ஒருமுறை, கிழிந்த டயரின் உட்புறத்தில் ஒரு சாக்லெட் உறையை மடித்து வைத்து, டியூப் போட்டு, மெல்ல உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கட்டுரையாளர் 35 மில்லிமீட்டர் டயர் போதும் என்கிறார். வண்டி இடம் கொடுத்தால் 45க்குக் குறைய வேண்டாம் என்பது என் அனுபவம். காலம், மே முதல் செப்டம்பர் வரை.

எல்லாவற்றையும் குறையாகவே சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். முழு நீளமும் சைக்கிளுக்குத் திறந்த தேசியப் பாதை ஒன்று வேண்டும் என்றால் சவுத் டவுன்ஸ் வே இருக்கிறது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்பர்ன் வரை 160 கிலோமீட்டர், இதன் முதல் பகுதி 1972இல் திறக்கப்பட்டது. மொத்த ஏற்றம் ஏறத்தாழ 4,000 மீட்டர். மிக உயரமான மலை எதுவும் கிடையாது. 270 மீட்டர் உள்ள பட்ஸர் ஹில்தான் இந்தச் சாக்கு மேட்டின் உச்சி. ஆனால் ஒவ்வொரு நதியையும் கடக்கக் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்பதால் கால்கள் நடுங்கிப்போகும். வழியில் ஆங்காங்கே குடிநீர்க் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். சாக்கு மேட்டில் ஓடையே இராது என்பதால் அவற்றின் இடங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

ஒரு வாரம் ஒதுக்க முடிகிறவர்களுக்குக் கிங் ஆல்ஃபிரட்ஸ் வேயைப் பரிந்துரைப்பேன். 1878இல் தொடங்கிய பழைய சைக்கிள் சங்கமான சைக்கிளிங் யூகே 2020இல் வகுத்த 350 கிலோமீட்டர் வட்டப் பாதை அது. வின்செஸ்டரில், 1901இல் நிறுவப்பட்ட ஆல்ஃபிரட் மன்னர் சிலையின் அருகே கிளம்பி, பழங்காலக் கல்வட்டங்கள் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி வழியாக ரிட்ஜ்வேயைப் பிடித்து, எங்கள் ரெடிங்கைத் தொட்டு, ஃபார்னம் வழியாகத் தெற்கே இறங்கி, சவுத் டவுன்ஸ் வேயில் திரும்பி வருகிறது. இந்தப் பாதைக்கென்று புதிதாக மண் வெட்டியதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இருந்த பிரைடில்வேகளையும் பைவேகளையும் பொறுமையாக ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன ஒட்டுப்போடும் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கற்க அந்தப் பாதையை ஒரு மாலை நேரம் வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பார்த்தாலே போதும். ரிட்ஜ்வேயில் போகும்போது அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்காகச் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சற்றுத் தூரம் நடக்கலாம். புல்லைச் செதுக்கிச் சாக்கு இட்டு வரைந்த 110 மீட்டர் உருவம், ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமை. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் குதிரை தெரியாது, வளைந்த சில வெள்ளைக் கோடுகள்தான் தெரியும்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கும் இவை இரண்டும் வேண்டாம். மூடப்பட்ட ரயில் தடங்களே அவர்களுக்கு ஏற்றவை, ஏற்றமே இராது. ஹாம்ப்ஷயரில் வெஸ்ட் மியோனிலிருந்து விக்கம் வரை மரநிழலில் போகும் 11 மைல் மியோன் பள்ளத்தாக்குத் தடம் எனக்குப் பிடித்தது. 1944 ஜூனில், நார்மண்டி படையெடுப்புக்கு முந்தைய நாட்களில், சர்ச்சிலின் தனி ரயில் இத்தடத்தின் டிராக்ஸ்ஃபோர்டு நிலையத்தில்தான் நின்றிருந்தது. பீக் மாவட்டத்தில் இன்னொரு பழைய ரயில் தடமான மான்ஸல் தடத்தின் சுரங்கங்களும் 2011இல் திறக்கப்பட்டுவிட்டன.

குதிரைகள் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. பிரைடில்வே என்ற பெயரிலேயே குதிரையின் கடிவாளம் இருக்கிறது. நம் ஊரில் போவதுபோல் மணியை அடித்துக்கொண்டு பின்னாலிருந்து விரைந்து வந்தால் குதிரை மிரண்டு, மேலே இருப்பவர் விழலாம். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, "காலை வணக்கம்" என்று வாயால் குரல் கொடுக்க வேண்டும். மனிதக் குரல் கேட்டால் குதிரை தெளிந்துவிடுகிறது. வழியில் வரும் வேலிக் கதவுகள் திறந்திருந்தால் திறந்தே விடுவதும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போவதும் கட்டாயம், அங்கே ஆடுகள் இருக்கும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கே ஒரு மரியாதை, அந்த அரை நிமிடத்தில்தான் முன்னே உள்ள பாதையின் நிலவரமும் தெரியவரும்.

மஞ்சள் அம்புகள் எல்லாவற்றையும் சைக்கிளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கிறவர்கள் இங்கே உண்டு. அவர்களோடு நான் முழுமையாக உடன்படவில்லை. கிரிம்ஸ் டிட்ச் போன்ற ஒடுங்கிய மண்கரையில் சைக்கிள் ஓடினால் நடப்பவருக்கும் கெடுதல், கரைக்கும் கெடுதல். ஆனால் பாரிஷ் எல்லையில் அறுந்துபோன பழைய குதிரைப் பாதைகள் வேறு விஷயம். பழைய ஆவணங்களைக் காட்டி அவற்றை உறுதி வரைபடத்தில் சேர்க்கக் கோர இப்போதும் வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு 2026 ஜனவரி 1 என்று கெடு விதித்திருந்தது. பிறகு அது 2031 வரை தள்ளிவைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அரசு அந்தக் கெடுவையே எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. கெடு நெருங்குகிறது என்று பயந்து, ஆவணக் காப்பகங்களில் தேவாலய வரியான தசமபாகத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் வரைந்த வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தன்னார்வலர்களுக்குத்தான் இன்று நாம் ஓட்டும் பல மைல்களுக்கான நன்றி போய்ச் சேர வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதில்லை, அதில் நல்ல பகுதிகள் பல இருக்கின்றன. ஸ்டோன்ஹெஞ்ச் அருகே பைவேயில் விடியற்காலை ஓட்டிய அனுபவத்தை அவர் எழுதியிருக்கும் விதம் எனக்குப் பொறாமையூட்டியது. எந்தப் பாதையிலும் போகலாம் என்ற வரிக்கு ஒரு திருத்தமும், அம்புகளின் நான்கு நிறங்களைக் காட்டும் ஒரு சிறு பெட்டிச் செய்தியும் அடுத்த ஞாயிறு வந்தால் போதும். வரைபடத்தை இணையப் பதிப்பில் மறுபடி ஏற்றும்போது, ஸ்ட்ரீட்லி பாலத்துக்குக் கிழக்கே உள்ள சிவப்புக் கோட்டை மட்டும் தயவுசெய்து நடப்பவர்களின் புள்ளிக் கோடாக மாற்றிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ரெடிங், இங்கிலாந்து.